புது வீட்டு எலிவேஷனுக்கு (முகப்புக்கு) எல்.இ.டி. அலங்கார விளக்குகளை எப்படித் திட்டமிடுவது? பூச்சு வேலை முடிந்துவிட்டது.

பூச்சு முடிந்த பிறகு கேட்கிறீர்களே என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. பொள்ளாச்சிப் பக்கம் வயரிங் வேலை செய்கிறவன் நான். இங்கே நிறையப் பேர் பால் காய்ச்ச நாள் குறித்த பிறகுதான் வெளி விளக்கைப் பற்றிப் பேச்சே எடுக்கிறார்கள். அதற்குள் பைப் புதைக்க வேண்டிய சுவரெல்லாம் பட்டி பார்த்து முடிந்திருக்கும். உங்கள் வீடும் அந்த நிலையில்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

தூணையும் பீமையும் கொத்த விடாதீர்கள். எலிவேஷன் வரைந்து கொடுத்தவரே சொன்னாலும் விடாதீர்கள். சன்ஷேடின் அடிப்பக்கம், மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் உள்பக்கம், போர்டிகோவில் ஃபால்ஸ் சீலிங் இருந்தால் அதற்கு மேலே என்று வயர் ஓட்ட இன்னும் இடம் இருக்கும். வயர் எங்கே போகும் என்று முதலில் பார்த்துவிட்டு, அதற்கு ஏற்ற விளக்கை அப்புறம் வாங்குங்கள்.

ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புக்குள் ஒரு வீட்டுக்கு வேலை செய்தேன். வீட்டுக்காரர் கோவையில் எதையோ பார்த்துவிட்டு வந்து, எலிவேஷனின் எல்லா விளிம்பிலும் கூல் வைட் ஸ்ட்ரிப், அதாவது நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம் தருகிற எல்.இ.டி. பட்டை, ஓட வேண்டும் என்றார். அவருடைய அம்மா திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். “ஏந் தம்பி, கோடை மழை பேஞ்சா வண்டு மொத்தமும் இங்கதான வரும்?” என்றார். அந்த ஆத்தா சொன்னது சரிதான். தென்னங்குருத்தைக் குடைகிற காண்டாமிருக வண்டைப் பிடிக்க மழைக்குப் பிறகு விளக்குப்பொறி வைக்கச் சொல்வது தென்னை வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். வீட்டையே விளக்குப்பொறி ஆக்கிவிட்டுப் பக்கத்தில் தென்னங்கன்று நட்டால் குருத்து என்ன ஆகும்?

அன்றைக்குப் பொழுது விழுந்ததும் நீளமான வயரில் ஒரு விளக்கை மாட்டி, பையனை ஒவ்வொரு இடமாகப் பிடிக்கச் சொல்லிவிட்டு நாங்கள் கேட்டில் நின்று பார்த்தோம். கல் பதித்த சுவருக்குக் கீழே ஒட்டினாற்போல் பிடித்தபோது ஒவ்வொரு கல்லும் தனித்தனியாக எழுந்து நின்றது. அதே விளக்கை வெறும் பூச்சுச் சுவரை ஒட்டிப் பிடித்தால் கொத்தனார் மட்டப்பலகை இழுத்த தடமெல்லாம் தெரிந்தது. கடைசியில் கல் சுவர், படிக்கட்டு, போர்டிகோ மூன்றுக்கு மட்டும் 3000 கெல்வின் வார்ம் வைட் (மஞ்சள் கலந்த வெள்ளை) போட்டு, 10 மணிக்கு அணைகிற மாதிரி டைமர் வைத்தோம். வார்ம் வைட்டுக்குப் பூச்சி வராது என்று சொல்லவில்லை, குறைவாக வரும். வந்த ஒரம்பரை (உறவுக்காரர்கள்) “மங்கலா இருக்குதேங்க” என்றார்கள். வீட்டுக்காரர் அசையவில்லை. நான் செய்ததிலேயே எனக்குப் பிடித்த வேலை அதுதான்.

கலர் மாறுகிற ஸ்ட்ரிப் பிடித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். நோம்பிக்கும் கல்யாணத்துக்கும் அது அழகுதான், நானே கட்டிக் கொடுக்கிறேன். தினமும் குடியிருக்கிற வீட்டைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

ஸ்ட்ரிப் போடுவதானால் 24 வோல்ட் வாங்குங்கள். மீட்டருக்கு 14.4 வாட் எடுக்கிற 5 மீட்டர் ரோல் 72 வாட். 12 வோல்ட்டில் அது 6 ஆம்பியர் இழுக்கும், 24 வோல்ட்டில் 3 ஆம்பியர்தான். கரண்ட் கூடினால் வழியில் வோல்ட்டேஜ் இறங்கும், ரோலின் கடைசிப் பக்கம் மங்கும். வீட்டுக் கரண்டை ஸ்ட்ரிப்புக்கு ஏற்ற வோல்ட்டுக்கு மாற்றிக் கொடுக்கிற பெட்டிதான் டிரைவர். அதை 80 சதவீதத்துக்கு மேல் லோடு ஏற்றாமல், கை எட்டுகிற இடத்தில் வையுங்கள். சன்ஷேடுக்கு அடியில்தானே என்று சாதா ஸ்ட்ரிப் போடச் சொல்வார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற ஆடிக் காற்று சாரலைப் பக்கவாட்டில் அடிக்கும். அங்கே சாரல் தாங்குகிற ஐ.பி. 65, தரையில் பதிப்பதற்குத் தண்ணீர் தேங்கினாலும் தாங்குகிற ஐ.பி. 67 வேண்டும். ஜாயின்ட்டில் டேப் சுற்றிவிட்டுப் போகிறவரை விடாதீர்கள். வெளி லைனுக்கென்று தனியாக 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் (கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கிற சுவிட்ச்) ஒழுங்கான எர்த்தும் இல்லாமல் ஈரச் சுவரில் எதையும் மாட்டாதீர்கள். குழந்தைகள் கை வைக்கிற இடம்.

கேட்காததையும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். எங்கள் பக்கம் புதுமனை புகுவிழாவில் கொத்தனாருக்கும் ஆசாரிக்கும் வேட்டி துண்டு கொடுத்து மரியாதை செய்வார்கள். அது நல்ல வழக்கம், குறை சொல்லவில்லை. ஆனால் வயர்மேனைக் கூப்பிடுவது ஜெனரேட்டர் நின்றுபோனால்தான். அந்தக் காலத்து வீட்டில் கரண்ட் இல்லை, அதனால் வழக்கத்தில் அவனுக்கு இடமில்லை என்று ஒரு பெரியவர் விளக்கம் சொன்னார். இப்போது கரண்ட் இருக்கிறதே. பந்தியில் உட்காரச் சொல்லக்கூட ஆளில்லாமல் ஸ்டேபிலைசர் பக்கத்தில் நின்றுவிட்டு வந்திருக்கிறேன்.

சரி, வாங்கும்போது ஒரு ரோல் கூடுதலாக, ஒரே பேட்ச்சில் (ஒரே தடவையில் தயாரான சரக்கில்) வாங்கி வையுங்கள். இரண்டு வருஷம் கழித்து ஒரு துண்டு போனால், அதே 3000 கெல்வின் என்று போட்ட வேறு பேட்ச் ரோல் பக்கத்துத் துண்டோடு நிறம் சேராமல் போகலாம்.