சிறகடிக்கும் பறவை மாதிரியின் இறக்கை வளைந்துகொண்டே இருக்கிறது. கெட்டியான பொருளுக்கு மாற வேண்டுமா?

மாற வேண்டாம். ரப்பர் பட்டையால் இயங்கும் மாதிரியில் ஒவ்வோர் அடிப்பிலும் இறக்கைத் தாள் நெளிகிறது, அதனால் சக்தி வீணாகிறதோ என்று கேட்டிருக்கிறீர்கள். இத்தகைய மாதிரிகளைச் செய்து பறக்கவிடுவது என் நெடுநாள் ஈடுபாடு. உறுதியாகச் சொல்கிறேன்: அந்த நெளிவு இல்லாவிட்டால் உங்கள் பறவை முன்னே நகரத் திணறும்.

மாதிரியைக் கையில் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சிறகடிக்க விடுங்கள். முன்விளிம்பில் கெட்டியான குச்சி, அதன் பின்னால் தளர்வான தாள். இறக்கை கீழிறங்கும்போது குச்சி முந்துகிறது; காற்று எதிர்ப்பதால் தாளின் பின்விளிம்பு மேலேயே தங்கிவிடுகிறது. இப்போது இறக்கையின் அடிப்பரப்பு சற்றுப் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். ஆகவே காற்று கீழே மட்டுமல்ல, பின்னாலும் தள்ளப்படுகிறது. மேலே ஏறும்போது பின்விளிம்பு கீழே தங்குகிறது. அப்போதும் காற்று பின்னால்தான் போகிறது. ஏறினாலும் இறங்கினாலும் உந்துவிசை ஒரே திசையில்! விறைப்பான தட்டில் இதைச் சாதிக்க, ஒவ்வோர் அடிப்பிலும் இறக்கையைத் திருப்புவதற்கென்று தனிப் பொறியமைப்பு வேண்டும்.

உந்துவிசை மட்டும் போதாது, மேலே தூக்கும் விசையும் வேண்டும். சிறிய மாதிரிக்கும் பூச்சிக்கும் வேகம் குறைவு என்பதுதான் இங்கே பெரிய சிக்கல். வேகம் பாதியானால், மற்றவை மாறாதபோது, இந்த ஏற்றுவிசை கால்பங்காகிவிடும். ஈடுகட்ட இறக்கையை அதிகம் சாய்த்தால், நிலையான இறக்கையில் காற்றோட்டம் மேற்பரப்பை விட்டுப் பிரிந்துவிடும். பூச்சிகள் இதை எப்படிச் சமாளிக்கின்றன என்பதை 1996இல் கேம்பிரிட்ஜில் சார்லஸ் எலிங்டன் குழுவினர் பருந்து அந்துப்பூச்சியிலும் அதன் பெரிய இயந்திர மாதிரியிலும் புகையை ஓடவிட்டுக் காட்டினார்கள். முன்விளிம்பை ஒட்டி ஒரு சுழல் உருவாகிறது. அதன் மையத்தில் அழுத்தம் குறைவாக இருப்பதால் இறக்கை மேல்நோக்கி இழுக்கப்படுகிறது. அது கழன்று போவதற்குள் அடிப்பு முடிந்து திசை மாறிவிடுகிறது.

இந்தச் சுழலுக்கு வளையும் இறக்கை கட்டாயமில்லை. பூச்சிகளின் பறத்தலை ஆராயும் மைக்கேல் டிக்கின்சன் 1999இல் எண்ணெய்த் தொட்டிக்குள் அடித்துக் காட்டிய ஈயின் பெரிய மாதிரிக்கு விறைப்பான இறக்கைகள்தான். அப்படியென்றால் வளைவதால் உயிருள்ள பூச்சிக்கு என்ன லாபம்? எனக்கு மிகப் பிடித்த சோதனை இதற்குத்தான் பதில் சொல்கிறது. 2013இல் மவுன்ட்காசில், கோம்ப்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் பம்பிள் தேனீயின் இறக்கை நரம்பில் வளையக்கூடிய ஒரே ஒரு மூட்டை மட்டும் நுண்ணிய கட்டுப்போட்டு விறைக்கச் செய்தார்கள். தேனீ உண்டாக்கக்கூடிய உச்ச ஏற்றுவிசை 8.6 சதவீதம் குறைந்துவிட்டது. ஒரு மூட்டுக்கே இவ்வளவு!

வளைப்பது காற்று மட்டும்தான் என்றும் நினைத்துவிடாதீர்கள். 2003இல் கோம்ப்ஸும் டேனியலும் அந்துப்பூச்சியின் இறக்கையை ஒரு மோட்டாரில் பொருத்தி, முதலில் காற்றிலும் பிறகு ஹீலியத்திலும் அடிக்கவிட்டார்கள். அங்கே ஹீலியத்தின் அடர்த்தி சாதாரணக் காற்றின் அடர்த்தியில் ஏறக்குறைய 15 சதவீதம்தான். ஆனாலும் வளைவு பெரிதாக மாறவில்லை. இறக்கையின் சொந்த நிறையும் நிலைமமும்தான் அங்கே முதன்மையாக வளைக்கின்றன. அதனால்தான் தாளின் பின்விளிம்பில் ஒட்டும் சிறு துண்டு நாடாகூட மாதிரியின் பறத்தலை மாற்றிவிடுகிறது.

அதற்காக எல்லாவற்றையும் மென்மையாக்கிவிடவும் கூடாது. அளவுக்கு மீறித் தளர்ந்தால் தாள் காற்றைத் தள்ளாமல் வெறுமனே படபடக்கும். பூச்சி இறக்கைகள் அடியிலிருந்து நுனிவரையான நீளவாக்கில் மிக விறைப்பாகவும், முன்னிருந்து பின்னாகக் குறுக்குவாக்கில் அதைவிடப் பல மடங்கு இளக்கமாகவும் இருக்கின்றன. இதையே பின்பற்றுங்கள். முன்விளிம்புக்கு கார்பன் குச்சி, பின்னால் மெல்லிய தாள், அடிப்பகுதியிலிருந்து வெளிப்புறமாகச் சாய்த்து ஒட்டிய நரம்பு போன்ற ஓரிரு மெல்லிய குச்சிகள். மாதிரி மேலே எழும்பியும் முன்னேறாவிட்டால் தாளைச் சிறிது தளர்த்துங்கள். படபடப்புச் சத்தம் மிகுந்து உயரம் குறைந்தால் இறுக்குங்கள் அல்லது இன்னொரு நரம்புக் குச்சி ஒட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். இரண்டு இறக்கைகளிலும் அதை ஒரே அளவில் செய்யுங்கள்.