எந்த வாசலில் இறங்குவது?

மேடம்,

எனக்கு 27 வயது. சோழிங்கநல்லூரில் ஐ.டி. வேலை. வீடு வியாசர்பாடி. ஆபீசில் யார் கேட்டாலும் பெரம்பூர் என்பேன். கேபுக்கும் பெரம்பூரில் இருக்கும் அத்தை வீட்டு முகவரியைத்தான் கொடுத்திருக்கிறேன். நைட் ஷிஃப்ட் முடிந்து விடியற்காலையில் அங்கே இறங்குவேன். வண்டி தெருமுனை திரும்பும்வரை கேட்டருகே சாவி தேடுவதுபோலப் பையைத் துழாவிக்கொண்டு நிற்பேன். அப்புறம் வீட்டுக்கு நடப்பேன். நான்கு வருடமாக இப்படித்தான்.

சேர்ந்த புதிதில் மீட்டிங்கில் "அத அப்பால பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அதே வாரம் இன்னொரு பையன் தன் ஊர் புளியந்தோப்பு என்றதும், ஒருவர் பர்ஸைத் தொட்டுப் பார்ப்பதுபோல நடித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

பேச்சை மாற்றிக்கொண்டேன். இப்போது வீட்டிலும் அதே பேச்சு வருகிறது. போன வாரம் அப்பா, "இன்னாடா, என்னாண்டயும் ஆபீஸ் பாஷையா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கிரவுண்டில் பந்து ஆடும்போது மட்டும் மனசு லேசாக இருக்கிறது. இரண்டில் எது நிஜமான நான்?

பெயர் வேண்டாம்,
வியாசர்பாடி.

தம்பி,

பேச்சு மாறியதை நினைத்துக் குற்ற உணர்வு வேண்டாம். எழுத ஒரு தமிழ், பேச ஒரு தமிழ் என்றுதான் நாம் எல்லோருமே வாழ்கிறோம்; மொழியியலில் இதற்கு இரட்டை வழக்கு என்று பெயர். நான் மதுரைக்காரி. அம்மாவிடம் போனில் பேசும்போது என் குரலே வேறாகிவிடும். 'அப்பால்' அசல் தமிழ்ச் சொல். உங்கள் தெரு அதை இன்னும் விடாமல் வைத்திருக்கிறது.

மறைப்பது வேறு விஷயம். எர்விங் கோஃப்மன் என்ற சமூகவியலாளர் 1963-இல் இதற்கென்றே ஒரு நூல் எழுதினார். பிறர் இழிவாகப் பார்க்கும் ஒன்றை மறைத்து வாழ்கிறவர், யாருக்கு எவ்வளவு தெரியும், எதைச் சொன்னால் மாட்டிக்கொள்வோம் என்று ஓயாமல் கணக்குப் போட வேண்டியிருக்கிறது. இல்லாத சாவியைத் தேடிக்கொண்டு நிற்கிறீர்களே, அந்தக் கணக்குதான் அது. கிரவுண்டில் அது இல்லை, அதனால் லேசாக இருக்கிறது. அதற்காக ஆபீசில் இருக்கும் நீங்கள் பொய் ஆகிவிட மாட்டீர்கள். அந்த வேலையும் நீங்கள் படித்துச் சம்பாதித்ததுதானே?

உங்கள் பயம் கற்பனை என்றும் சொல்ல மாட்டேன். ஊர்ப் பெயரை வைத்து ஆளை எடைபோடுவது இந்தச் சென்னையில் தினமும் நடக்கிறது. அந்த வெட்கம் பர்ஸைத் தொட்டவருக்கு வந்திருக்க வேண்டியது.

'அடையாள நெருக்கடி' என்ற கருத்தை உளவியலுக்குத் தந்த எரிக் எரிக்சனுக்கு, பெற்ற தந்தை யாரென்று கடைசிவரை தெரியாது. மாற்றாந்தந்தையின் பெயரோடு வளர்ந்தவர், 1939-இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றபோதுதான் எரிக்சன் என்ற பெயரை எடுத்துக்கொண்டார். நேற்று இருந்த நானும் இன்று இருக்கும் நானும் ஒரே ஆள்தான் என்ற தொடர்ச்சியை உணர்வதையே அவர் அடையாளம் என்றார். உங்களுக்கு அறுந்திருப்பது அந்தத் தொடர்ச்சி. எது நிஜம் என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், மற்றதை வெட்டி எறிய வேண்டியிருக்கும். வெட்ட வேண்டாம்.

கடிதத்தில் என் கண்ணை உறுத்திய இடம், 'நானும் சேர்ந்து சிரித்தேன்'. இத்தனை வருடம் கழித்தும் அதை மறக்காமல் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பையன் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறார் என்றால், முதலில் அவரோடு டீ குடிக்கப் போங்கள். நானும் வியாசர்பாடிதான் என்று சொல்லுங்கள். அன்றைக்குச் சிரித்ததையும் சொல்லுங்கள். கேப் முகவரியை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம், அவசரமில்லை. தூக்கமோ சாப்பாடோ தொடர்ந்து கெட்டுப்போனால், 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்.

அப்பாவிடம் விளக்கம் எதுவும் சொல்லத் தேவையில்லை. அவர் சாப்பிட உட்காரும்போது பக்கத்தில் நீங்களும் தட்டோடு உட்காருங்கள். பேச்சு தானாக வரும்.