சைக்கிள் பாரில் உட்கார்ந்தது யார்?

அன்புள்ள ஐயா,

ஜாபர்கான்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டின் கீழ்த்தளம் மூழ்கியது. இடுப்பளவுத் தண்ணீரில் அம்மாவை முதுகில் சுமந்து மாடி வீட்டில் சேர்த்தவன் நான். நேற்று நடந்ததுபோல் இருக்கிறது. ஆனால் அம்மாவோ (வயது 74), “நீ அன்னைக்கு வீட்டிலேயே இல்லை. ரெண்டு நாள் கழிச்சுப் பால் பாக்கெட்டோட வந்தே” என்கிறார். “உன்னை முதுகுல தூக்கிட்டுப் போனேனே, ஞாபகம் இல்லையா?” என்று எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். அதே பதில்தான். அன்று வீட்டிலிருந்த தம்பி இப்போது மஸ்கட்டில் இருக்கிறான். இது மறதி நோயின் ஆரம்பமா? வல்லாரை கொடுத்தால் பலன் இருக்குமா? ஆழ்மனதில் எல்லாமே பதிவாகியிருக்கும் என்கிறார்களே, அதை வெளியே கொண்டுவர முடியுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

வல்லாரையைத் துவையல் அரைத்துச் சாப்பிடுங்கள், ருசியாக இருக்கும். ஆழ்மனப் பதிவு விஷயத்தை யூடியூப் சாமியார்களிடம் விட்டுவிடுவோம். மூளைக்குள் எல்லாவற்றையும் பதிவுசெய்து வைத்திருக்கும் டேப் எதுவும் கிடையாது.

மறதி நோய் பற்றி: அம்மா அடுப்பை அணைக்க மறக்கிறாரா, பழகிய தெருவில் வழி தவறுகிறாரா, பத்து நிமிடத்துக்குள் அதே கேள்வியைத் திரும்பக் கேட்கிறாரா? ஆம் என்றால் நாளைக்கே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். கடிதத்தில் அப்படி ஒன்றும் இல்லை. நீங்கள் சொல்வதை அவர் ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். அதற்கு நோய் என்று பெயர் வைக்கிறீர்களே, கொஞ்சம் கூசவில்லையா? இருவரில் ஒருவருடைய நினைவு பிசகியிருக்கிறது. அது உங்களுடையதாக இருக்கலாம் என்று கடிதத்தில் ஒரு வரியிலாவது சந்தேகம் வந்திருக்கக் கூடாதா?

கோபப்பட எனக்கும் தகுதியில்லை. சொல்கிறேன்.

எம்.ஜி.ஆர். இறந்தது 1987 டிசம்பர் 24 விடிகாலையில். அப்போது எனக்கு எட்டு வயது, வீடு திருவல்லிக்கேணியில். அப்பா என்னை சைக்கிள் பாரில் உட்காரவைத்து வாலாஜா சாலை வரை கூட்டிப்போனார். ராஜாஜி ஹாலை நோக்கி ஜனம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு அம்மாள் ஒற்றைக் காலில் மட்டும் செருப்போடு மாரில் அடித்துக்கொண்டு போனாள். வெகுநேரம் பாரில் உட்கார்ந்ததில் என் கால் மரத்துப்போய், இறக்கிவிட்டதும் நிற்க முடியவில்லை. இந்தக் கதையை முப்பது வருடம் சொல்லியிருக்கிறேன். கல்லூரியில், ஆபீஸில், ஒருமுறை மேடையில்கூட.

சில வருடங்களுக்கு முன் கும்பகோணத்தில் தாத்தா வீட்டைக் காலி செய்தபோது டிரங்குப் பெட்டியில் அப்பாவின் இன்லண்ட் லெட்டர் ஒன்று கிடைத்தது. தேதி 30.12.87. ‘இங்கே நிலைமை இன்னும் சரியாகவில்லை. பையன் அரையாண்டு லீவு முடியும்வரை உங்களிடமே இருக்கட்டும். பாப்பாவை மட்டும் வாலாஜா ரோடு வரை கூட்டிப்போய்க் காட்டினேன்.’ பையன் என்றால் நான். பாப்பா என்றால் அக்கா.

அன்றிரவே அக்காவுக்குப் போன் செய்தேன். சிரித்தாள். “பார்ல உட்கார்ந்தது நான்டா. கால் மரத்துச்சுன்னு அழுததும் நான்தான்.” அப்படியானால் இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “நீ சொல்றப்ப நல்லா இருந்துச்சு, விட்டுட்டேன்.”

இதில் என்னைப் பயமுறுத்தியது ஒன்றுதான். கடிதத்தைப் படித்த பிறகும் அந்தக் காட்சி மங்கவில்லை. செருப்பு அப்படியே இருக்கிறது. கால் இன்னும் மரத்துப்போகிறது. யாருடைய கால் என்றுதான் தெரியவில்லை.

அமெரிக்காவில் சேலஞ்சர் விண்கலம் வெடித்தது 1986 ஜனவரி 28. மறுநாள் காலையிலேயே உல்ரிக் நைசர் என்ற உளவியலாளர் எமரி பல்கலைக்கழக மாணவர்களிடம், செய்தி எப்படித் தெரிந்தது, எங்கே இருந்தீர்கள் என்று எழுதி வாங்கி வைத்துக்கொண்டார். இரண்டரை வருடம் கழித்து அவர்களில் 44 பேரிடம் அதையே திரும்பக் கேட்டார்கள். 11 பேர் சொன்னதில் ஒன்றுகூடப் பழைய தாளோடு ஒத்துப்போகவில்லை. தப்பாகச் சொன்னவர்களில் பலரும் அடித்துத்தான் சொன்னார்கள். அவர்கள் கைப்பட எழுதிய தாளையே காட்டியும் பழைய நினைவு திரும்பவில்லை. ஆர்., ‘நேற்று நடந்ததுபோல்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அவர்களில் பலருக்கும் கிட்டத்தட்ட அதே உறுதிதான். தெளிவு வேறு, உண்மை வேறு. ஒன்று இன்னொன்றுக்குச் சாட்சி சொல்லாது. இதை நீங்கள் பத்து முறை எழுதிப் பார்த்தாலும் தகும்.

பீரோவிலிருந்து பட்டுப்புடவையை எடுத்து உதறினால் அது பழைய மடிப்பிலேயே திரும்ப விழுவதில்லை. அன்றைக்கு மடிக்கிற கைக்கு வந்தபடி மடியும், அன்றைய வாசனையும் கூடவே உள்ளே போகும். நினைவை எடுத்துப் பார்ப்பதும் அப்படித்தான். 2000-ல் நியூயார்க்கில் எலிகளை வைத்து கரீம் நாடர் என்ற மூளை ஆய்வாளர் செய்த சோதனை இதற்குப் பக்கத்தில் வருகிறது. உறுதியாகப் பதிந்துவிட்ட பய நினைவுகூட மீண்டும் கிளறப்பட்டதும் இளகிவிடுகிறது, மறுபடி கெட்டிப்பட வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் மருந்து கொடுத்துத் தடுத்தால் பயம் போய்விடுகிறது. வெள்ளக் கதையை நீங்கள் எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள்? அம்மாவைச் சுமக்காமல் போய்விட்டோமே என்று எந்த மகனுக்குத்தான் இருக்காது? அந்த ஏக்கமும் ஒரு மடிப்பில் உட்கார்ந்திருக்கலாம். பொய் சொல்கிறீர்கள் என்று நான் சொல்லவில்லை. நீங்கள் சுமந்தே இருக்கலாம். எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

ஆனால் நீங்கள் கேட்கும் விதம் எனக்குப் பிடிக்கவில்லை. 1974-ல் எலிசபெத் லோஃப்டஸ் என்ற உளவியலாளர், கார் விபத்துப் படம் ஒன்றைக் காட்டிவிட்டு, கார்கள் ‘மோதியபோது’ என்ன வேகம் என்று சிலரிடமும், ‘மோதி நொறுங்கியபோது’ என்ன வேகம் என்று சிலரிடமும் கேட்டார். நொறுங்கியது என்று கேட்கப்பட்டவர்கள் அதிக வேகம் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்ததாகச் சொன்னவர்களும் அவர்களில்தான் அதிகம். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. “முதுகுல தூக்கிட்டுப் போனேனே” என்று நீங்கள் கேட்பது அந்த ரகக் கேள்வி. இத்தனை முறை இப்படிக் கேட்டும் அம்மா வளைந்துகொடுக்கவில்லை. அவருக்குத்தான் ஞாபகக் கோளாறு என்கிறீர்கள்!

அம்மாவை இனி இதில் இழுக்காதீர்கள். கடிதத்தில் தம்பியை ஒரே வரியில் மஸ்கட்டுக்கு அனுப்பிவிட்டீர்கள். அவருக்குப் போன் போடுங்கள். வெள்ளம், முதுகு, மாடி எதையும் நீங்கள் முதலில் எடுக்க வேண்டாம். “அன்னைக்கு ராத்திரி என்னடா ஆச்சு?” என்று மட்டும் கேட்டுவிட்டு, அவர் முடிக்கும்வரை வாயைத் திறக்காமல் இருங்கள். கேட்டதை அன்றைக்கே ஒரு தாளில் எழுதித் தேதி போட்டு வையுங்கள்.