அடைப்புக்குறி எங்கே? வாக்கியக் கணக்கு கேள்வி-பதில்

கே: 5 ஆண்டுகளுக்கு முன் தந்தை வயது மகனுடையதைப் போல் 7 மடங்கு, 5 ஆண்டு கழித்து 3 மடங்கு. மகன் வயது 0 என்று வருகிறதே? (அரூர்)

ப: அடைப்புக்குறியை விட்டுவிட்டீர்கள். 7 மடங்கு அன்றைய வயதுக்கு. மகனின் இன்றைய வயது அ, தந்தையின் வயது ஆ: ஆ − 5 = 7(அ − 5), ஆ + 5 = 3(அ + 5). மகன் 10, தந்தை 40.

கே: ரோஜாக் கட்டும் சாமந்திக் கட்டும் சேர்ந்து 25. தனித்தனியே எத்தனை? (ஓசூர்)

ப: பாதிக் கணக்குக்கு விடை கிடையாது. இரண்டு மாறிக்கு இரண்டு சமன்பாடு வேண்டும். முழுதாகப் படியெடுத்து அனுப்புங்கள்.

கே: மாந்தோப்பில் பெங்களூரா, செந்தூரா என இரண்டு வகையாக 480 மரம், பெங்களூரா செந்தூராவைப் போல் 3 மடங்கு. 3பெ = செ என்று போட்டுப் பெங்களூரா 120, செந்தூரா 360 என்று வந்தது. சரிபார்த்தேன், பொருந்துகிறது. புத்தகத்தில் தலைகீழாக இருக்கிறது. அச்சுப்பிழையா? (போச்சம்பள்ளி)

ப: புத்தகம் சரி, உங்கள் சமன்பாடுதான் தவறு. எத்தனை முறை சொன்னாலும் இந்தத் தவறு ஓயவில்லை. பெ என்பதை மரமாகவே படிக்கிறீர்கள். '3 பெங்களூராவுக்கு 1 செந்தூரா' என்று மனத்தில் ஓடுவது அப்படியே 3பெ = செ என்று தாளில் இறங்கிவிடுகிறது. பெ மரமல்ல, மரங்களின் எண்ணிக்கை. குறைவாக இருப்பதை 3-ஆல் பெருக்கினால்தான் அதிகமானதற்கு ஈடாகும்: பெ = 3செ. பொருளின் முதலெழுத்தையே மாறியாக வைக்கச் சொல்லித் தருவதை வகுப்பில் நிறுத்த வேண்டும். குழப்பத்துக்கு வேர் அதுதான். முதல் வரியில் 'செந்தூரா மரங்களின் எண்ணிக்கை = க' என்று முழுதாக எழுதுங்கள். பெங்களூரா 3க, மொத்தம் 4க = 480, க = 120.

சரிபார்ப்பதை உங்கள் சமன்பாட்டில் செய்யாதீர்கள். தப்பான சமன்பாடும் தன் விடைக்குப் பொருந்தத்தான் செய்யும். கணக்கில் உள்ள வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்.

கே: பரிசல் 6 கி.மீ. தூரத்தை நீரோட்டத்தோடு 1 மணியிலும் எதிர்த்து 3 மணியிலும் கடக்கிறது. வேகம்? (பென்னாகரம்)

ப: பரிசலின் வேகம் அ, நீரின் வேகம் ஆ. அ + ஆ = 6, அ − ஆ = 2. கூட்டினால் அ = 4, ஆ = 2. நேரத்தை 90 நிமிடம் என்று கொடுத்தால் 1.5 மணி, 1.30 என்று எழுதாதீர்கள்.

கே: தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 60 கி.மீ. வேகம், திரும்ப 40. சராசரி 50தானே?

ப: 48. தூரம் சுமார் 50 கி.மீ. என்று கொண்டால் போக 50 நிமிடம், வர 75. மெதுவாக ஓடிய நேரம் கூடுதல்.

கே: செவ்வக நிலத்தின் நீளம் அகலத்தைவிட 5 மீ. அதிகம், பரப்பு 84 ச.மீ. அகலம் 7, −12 என இரண்டு வருகிறது. (காவேரிப்பட்டணம்)

ப: −12-ஐ நீக்குங்கள், அகலம் குறை எண்ணாகாது என்று காரணத்தையும் எழுதுங்கள். பிறகு மறுபடி வாக்கியத்துக்கு வாருங்கள்: அகலம் 7, நீளம் 12, பரப்பு 84.