ஹாஸ்பிஸிலிருந்து திரும்பிய அம்மாவும் பார்ட் டி காப்பீடும்

கேள்வி: நியூ ஜெர்சியில் என்னோடு இருக்கும் அம்மாவுக்கு வயது 79. இதயச் செயலிழப்பு முற்றியதால் 2025 செப்டம்பரில் ஹாஸ்பிஸில் (இறுதிக்காலப் பராமரிப்பில்) சேர்த்தோம். இனி எதற்கு என்று டிசம்பர் முதல் வாரத்தில் மெடிகேரின் (முதியோருக்கான அரசுக் காப்பீடு) பார்ட் டி மருந்துக் காப்பீட்டை நிறுத்திவிட்டேன். உடம்பு தேறி, இந்த ஏப்ரலில் ஹாஸ்பிஸிலிருந்து அனுப்பிவிட்டார்கள். மாத்திரைகளுக்குக் கைக்காசு கரைகிறது. அடுத்த சேர்க்கைக் காலமான அக்டோபர் வரை காத்திருக்கத்தான் வேண்டுமா?

பதில்: அம்மா தேறி வந்ததே பெரிய விஷயம். காப்பீட்டை நிறுத்தியதற்காக மனதைப் போட்டு வருத்திக்கொள்ளாதீர்கள். ஆனால் அக்டோபர் வரை சும்மா இருக்கவும் வேண்டாம்.

ஹாஸ்பிஸில் இருந்தவரை இதய நோய்க்கான மருந்து அவர்கள் பொறுப்பு. வெளியே வந்ததும் மருத்துவமனைச் செலவுக்கான மெடிகேர் ஏ, மருத்துவர் செலவுக்கான பி இரண்டும் பழையபடி நடக்கும். பார்ட் டி தானாகத் திரும்பாது. ஹாஸ்பிஸை விட்டு வந்ததற்கென்று தனிச் சேர்க்கை அவகாசமும் இல்லை.

எனவே முதலில், மருந்துச் செலவைக் குறைக்கும் அரசு உதவியான ‘எக்ஸ்ட்ரா ஹெல்ப்’ கேட்டு சோஷியல் செக்யூரிட்டியில் விண்ணப்பியுங்கள். அம்மாவின் வருமானத்தையும் சேமிப்பையும்தான் பார்ப்பார்கள். அப்பா உடன் இருந்தால் அவருடையதும் சேரும். உங்கள் சம்பளமோ, அம்மா உங்கள் வீட்டில் தங்கிச் சாப்பிடுவதோ கணக்கில் வராது. பிள்ளை நன்றாகச் சம்பாதிக்கிறானே, நமக்கு எங்கே கிடைக்கும் என்று கேட்காமலே விடுகிற பெற்றோர்தான் நம்மில் அதிகம். எனக்கு அதில் உண்மையான வருத்தம் உண்டு. இந்த உதவி கிடைத்துவிட்டால் எந்த மாதமும் தனி மருந்துத் திட்டத்தில் சேரலாம். அடுத்த மாதம் 1ஆம் தேதி காப்பீடு தொடங்கும். காப்பீடு இல்லாமல் இருந்த மாதங்களுக்கான தாமத அபராதமும் கிடையாது.

கிடைக்காவிட்டால், உங்கள் பகுதியில் மெடிகேரின் தர மதிப்பீட்டில் 5 நட்சத்திரம் பெற்ற மருந்துத் திட்டம் உண்டா என்று பாருங்கள். அதில் நவம்பர் 30 வரை ஒரு முறை சேரலாம். மாநில ‘ஷிப்’ (மெடிகேர் ஆலோசனைச் சேவை) ஆலோசகர்கள் இதையெல்லாம் இலவசமாகப் பார்த்துச் சொல்வார்கள். எதுவும் கைகூடாவிட்டால்தான் அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரையிலான வழக்கமான சேர்க்கை. அப்போது காப்பீடு ஜனவரியில் தொடங்கும். விட்டுப்போன 12 மாதத்துக்கு 12 சதவீதம் தாமத அபராதம், அதாவது 2026ஆம் ஆண்டின் அடிப்படைப் பிரீமியமான 38.99 டாலர் கணக்கில் மாதம் சுமார் 4.70 டாலர், பிரீமியத்தோடு தொடர்ந்து வரும். அதற்குப் பயந்து சேராமல் இருந்துவிடாதீர்கள். பார்ட் டி இருந்தால், காப்பீட்டில் அடங்கிய மருந்துகளுக்கு அம்மாவின் கைச்செலவு 2026இல் 2,100 டாலரைத் தாண்டாது.

இன்னொன்று. பார்ட் டியில் சேர்ந்த பிறகும், ஹாஸ்பிஸ் முடிந்த விவரம் மெடிகேர் கணினியில் ஏறாவிட்டால், வலி, குமட்டல், மலச்சிக்கல், பதற்றம் ஆகியவற்றுக்கான மருந்துகளைப் பார்மசியில் ‘ஹாஸ்பிஸைக் கேளுங்கள்’ என்று திருப்பி அனுப்புவார்கள். வெளியேறிய தேதி உள்ள கடிதத்தின் நகலைக் கையோடு கொண்டு போங்கள்.