சுப்பீரியர் ஏரி: பெயரைப் பற்றிக் கேட்டவையும் பதில்களும்

வட அமெரிக்காவின் ஐம்பெரும் ஏரிகளில் ஒன்றான லேக் சுப்பீரியரின் பெயரைப் பற்றி நிறைய கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரி கேட்டவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அக்கா, சுப்பீரியர் என்றால் சிறந்தது என்றுதானே அர்த்தம்? ஐந்தில் அதுதான் பெரியது என்பதால் அந்தப் பெயரா?

பதில்: இல்லைங்க. பெயர் வைத்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். 17ஆம் நூற்றாண்டில் செயின்ட் லாரன்ஸ் ஆற்று வழியாக உள்ளே வந்த பாதிரிமார்களும் தோல் வியாபாரிகளும் மேற்கே போய்க்கொண்டே இருந்தார்கள், ஹியூரான் ஏரிக்கும் அப்பால் மேலே ஒரு ஏரி இருந்தது, அதை 'லாக் சுப்பேரியர்' என்றார்கள். மேல் ஏரி, அவ்வளவுதான். வரைபடத்தில் மட்டும் மேலே என்று நினைக்காதீர்கள், தண்ணீர் மட்டத்திலும் அது மேலேதான் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுப்பீரியர் சுமார் 183 மீட்டர் உயரம், ஹியூரான் சுமார் 176 மீட்டர். இரண்டையும் இணைக்கிற செயின்ட் மேரிஸ் ஆறு, சூ செயின்ட் மரீ என்ற ஊருக்குப் பக்கத்தில் பாறைகளுக்கு நடுவே சுமார் 6.4 மீட்டர் சரிந்து ஓடுகிறது. கப்பல் போக முடியாத இடம் அது. அதனால் 1855இல் அங்கே மதகுக் கால்வாய் திறந்தார்கள். கீழேயிருந்து வரும் கப்பல் தொட்டிக்குள் நுழைந்ததும் பின்கதவை மூடிவிட்டு, மேல் ஏரித் தண்ணீரை உள்ளே விடுவார்கள். பம்பு கிடையாது, தண்ணீர் தன் பாட்டுக்கு இறங்கி நிரம்ப நிரம்பக் கப்பல் உயர்ந்துகொண்டே வரும். மட்டம் சமமானதும் முன்கதவு திறக்கும், கப்பல் சுப்பீரியருக்குள் போய்விடும். அந்தப் பெயருக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரிந்து இல்லை.

கேள்வி: அப்படியானால் ஆங்கிலேயர்கள் வந்த பிறகு 'அப்பர் லேக்' என்று மாற்றியிருக்கலாமே?

பதில்: 1763 பாரிஸ் உடன்படிக்கைக்குப் பிறகு அந்தப் பகுதி பிரிட்டன் கைக்குப் போனது. பிரெஞ்சுப் பெயரை மொழிபெயர்க்காமல் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஆங்கிலத்திலும் அந்தச் சொல்லுக்கு 'மேலே உள்ள' என்ற பொருள் உண்டு, இப்போது அன்றாடப் பேச்சில் அது வராது என்பதால்தான் குழப்பம். மருத்துவம் படித்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். சுப்பீரியர் வீனா காவா உடம்பின் மேல்பாதியிலிருந்து இதயத்துக்கு ரத்தம் கொண்டுவருகிறது, இன்ஃபீரியர் வீனா காவா கீழ்ப்பாதியிலிருந்து. ஒன்று உசத்தி, மற்றது மட்டம் என்று யாரும் சொல்வதில்லையே. இடையில், 1670களில் வந்த பாதிரிமார்களின் வரைபடத்தில் 'லாக் த்ராசி' என்று ஒரு பிரெஞ்சுப் பிரபுவின் பெயரும் போட்டுப் பார்த்தார்கள், ஒட்டவில்லை.

கேள்வி: ஐஈஎல்டிஎஸ் எழுதப் போகிறேன். பெயருக்கு முன்னால் 'தி' வருமா? 'இன்' போடுவதா, 'ஆன்' போடுவதா?

பதில்: லேக் என்று தொடங்கும் பெயருக்கு 'தி' வேண்டாம். ஐந்தையும் சேர்த்துச் சொல்லும்போது மட்டும் 'தி கிரேட் லேக்ஸ்'. கரையில் இருக்கிற ஊருக்கும் மிதக்கிற கப்பலுக்கும் 'ஆன்': டுலூத் இஸ் ஆன் லேக் சுப்பீரியர். நீந்துவதற்கும் மீனுக்கும் 'இன்'. பேசிக்கொண்டு போகும்போது வெறும் 'சுப்பீரியர்' என்றாலும் போதும், ஆனால் டுலூத்துக்கு எதிரிலேயே விஸ்கான்சின் மாநிலத்தில் சுப்பீரியர் என்று ஒரு நகரமும் இருக்கிறது, கவனம். அப்புறம், முதல் எழுத்து பெரிய எழுத்தாக இருக்கட்டும். சொற்களை மாற்றி, சிறிய எழுத்தில் 'சுப்பீரியர் லேக்' என்று எழுதினால் 'மேலான ஏரி' என்று பொருள் போய்விடும். உச்சரிப்பையும் இருவர் கேட்டிருந்தார்கள்: அழுத்தம் இரண்டாவது அசையான 'பீ'யில்.

கேள்வி: லேக் மிச்சிகன் என்கிறார்கள், ஆனால் க்ரேட்டர் லேக் (எரிமலைக் குழி ஏரி), கிரேட் பேர் லேக் (பெருங்கரடி ஏரி). ஏன் இந்த வித்தியாசம்?

பதில்: திட்டவட்டமான விதி இல்லை. பிரெஞ்சில் 'லாக்' முன்னால் வரும், அந்த வரிசை இங்கே தங்கிவிட்டது. லேக் விக்டோரியா போலப் பெரிய ஏரிகள் பலவற்றுக்கும் முன்னால்தான் வருகிறது. ஏரியின் தன்மையைச் சொல்லும் பெயர்களில் பெரும்பாலும் பின்னால் வரும். பார்த்துப் பார்த்து மனதில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

கேள்வி: பிரெஞ்சுக்காரர்கள் வருவதற்கு முன் அதற்குப் பெயரே இல்லையா சார்?

பதில்: சார் இல்லைங்க, அக்கா. இதை நீங்கள் கேட்டதில் எனக்கு ரொம்ப மகிழ்ச்சி. அந்தக் கரைகளில் வாழ்ந்த, இன்றும் வாழ்கிற ஒஜிப்வே மக்களின் மொழியில் அது கிச்சிகாமி. 'கிச்சி' என்றால் பெரிய, 'காமி' என்றால் பரந்த நீர், கடல் என்றே சொல்லலாம். மிச்சிகன் என்ற பெயரிலும் இதே 'காமி'தான் தேய்ந்து கிடக்கிறது. ஆங்கிலம் படிப்பவர்களுக்கு இந்தப் பெயர் அறிமுகமானது பெரும்பாலும் அமெரிக்கக் கவிஞர் லாங்ஃபெல்லோ 1855இல் வெளியிட்ட ஹயவாதா காவியத்தால், அவர் எழுதியது 'கிச்சி கூமி' என்று. என்னைக் கேட்டால் மேல் ஏரியைவிடப் பெருங்கடல்தான் பொருத்தமான பெயர். 82,100 சதுர கிலோமீட்டர் பரப்பு, ஆழமான இடத்தில் 406 மீட்டர், நடுவில் நின்றால் கரையே தெரியாது. 1975 நவம்பர் 10 அன்று எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற பெரிய சரக்குக் கப்பல் புயலில் அதில் மூழ்கி, இருந்த 29 பேரும் இறந்துபோனார்கள். ஏரி என்ற சொல்லை வைத்து அந்தத் தண்ணீரைச் சின்னதாக நினைத்துவிடக் கூடாது.

கேள்வி: உலகின் மிகப் பெரிய நன்னீர் ஏரி பைக்கால் என்று படித்தேனே?

பதில்: கொள்ளளவில் பைக்கால், பரப்பில் சுப்பீரியர். இரண்டும் சரி.

கேள்வி: ஒரு கட்டுரையைத் தமிழாக்குகிறேன். மேல் ஏரி என்று எழுதலாமா?

பதில்: வேண்டாம், யாருக்கும் எந்த ஏரி என்று தெரியாது. 'சுப்பீரியர் ஏரி' என்றே எழுதுங்கள், பள்ளிப் புத்தகத்தில் படித்தவர்களுக்கு அதுதான் பழக்கம். பொருள் தேவைப்பட்டால் முதல் முறை வரும் இடத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். 'லேக் சுப்பீரியர் ஏரி' என்று மட்டும் எழுதாதீர்கள், ஏரி இரண்டு தடவை வந்துவிடும்.