இலங்கையின் மலையகத்தில் லயம் (தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) இடிந்தால் தோட்ட மக்களே வீட்டைத் திரும்பக் கட்டிக்கொள்ள முடியாதா?

கைத்திறனுக்கு இங்கே பஞ்சமே இல்லை. கொழும்பில் மாடி வீடுகள் கட்டிக் கொடுத்துவிட்டுத் தீபாவளிக்கு ஊர் திரும்பும் மேசன்மார் எத்தனையோ பேர். இல்லாதது காணிதான். லயம் நிற்கும் மண் அரசுடையது. 1992இல் அதன் நிர்வாகம் தனியார் கம்பெனிகளிடம் போனது. தலைமுறைகளாக வாழும் குடும்பம் ஓர் அறையைச் சேர்த்துக் கட்டவும் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். இது அநியாயம்.

காணி கிடைத்த இடங்களில் மக்கள் இறங்கி வேலை செய்தார்கள். இந்திய உதவியில் 4,000 வீடுகள் எழுந்த திட்டத்தில் குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் (சுமார் 1,900 சதுர அடி) காணி. பயனாளிகளும் கட்டுமானத்தில் பங்கெடுத்தார்கள்.

மலைச்சரிவில் பாதி உழைப்பை அத்திவாரமே விழுங்கிவிடும். மண்ணை வெட்டிச் சமப்படுத்தி, பின்னால் கருங்கல் தடுப்புச் சுவர் எழுப்பி, தேங்கும் நீர் வெளியேற அதில் குழாய்கள் பதிக்க வேண்டும். லொறி ரோட்டோடு நின்றுவிடும்; அங்கிருந்து மணலும் சீமெந்தும் தலைச்சுமைதான். கொழுந்துக் கூடையை இறக்கிய பெண்களே அதையும் சுமக்கிறார்கள்.

ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள்: கட்டப் போகும் இடத்தின் மண்சரிவு அபாயம் பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் தரும் அறிக்கை. 2014 ஒக்டோபர் 29இல் பதுளை மாவட்டத்தின் மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. அறிக்கை கையில் வராமல் அத்திவாரம் வெட்டாதீர்கள்.